முருகம்மாள் பேரில் ஒரு மீட்டர்

மும்பை தாராவியில் எங்கள் கல்லியில், அதாவது சந்தில், அஞ்சு வீட்டுக்கு ஒரே குழாய், ஒரே மீட்டர். அது முருகம்மாள் பேரில் இருந்தது. பில் வந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு. யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள்.

இந்த வருஷம் பில்லோடு ஆற்றுக் கட்டணம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மித்தி ஆற்றை ஏரியிலிருந்து கடல்வரை சீர்செய்ய, தண்ணீர் அதிகம் எடுக்கிறவர் அதிகம் கொடுக்க வேண்டுமாம். நியாயம்தான். முருகம்மாள் இட்லி அவித்து மாஹிம்வரை அனுப்புகிறவள். அவளுக்குச் சில குடம் போதும். அவள் தம்பி சுடலைக்கண்ணன் மோட்டார் போட்டு உறிஞ்சி, பழைய ரசாயன டிரம்களைக் கழுவி விற்கிறவன். கழுவின நுரை நேரே அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. ஆற்றைக் கெடுப்பது அவன், தண்டம் கட்டுவது நாங்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முருகம்மாளே கேட்டுவிட்டாள். "ஏலே, உன் மோட்டாருக்குத் தனி மீட்டர் வையி. உன் ஆத்துக் காச நீ கெட்டு."

"சமப்பங்குதானக்கா நம்ம பேச்சு? மீட்டர் இருந்தாத்தான கணக்கு?" என்றான் அவன்.

மறுநாள் காலை பைப் ரெஞ்சோடு வந்தான். மீட்டர் உடைந்தால் பில் வராது என்று அந்த மண்டையில் எவன் ஏற்றினானோ! லைனையே வெட்டிவிடுவார்கள், இட்லியும் போச்சு பிழைப்பும் போச்சு என்று முருகம்மாளுக்குத் தெரியும். தன் வாசலோரம் இருந்த மீட்டரை மறைத்து நின்றாள்.

"தள்ளுக்கா."

"என்னைய அடிச்சிட்டு ஒடைலே."

அடித்தான், பாவி. ரெஞ்சு அவள் மணிக்கட்டில் இறங்கிய சத்தம் என் வாசல்வரை கேட்டது. அவள் அலறிக்கொண்டே அவன் காதைக் கடித்தாள். அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அடுத்த அடி மீட்டரில் விழுந்தது. கண்ணாடி சிதறி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் இடது கையால் வாசல் அடுப்பிலிருந்த இட்லிக் கொப்பரையை இழுத்துக் கவிழ்த்தாள். கொதிநீர் அவன் தொடையில் கொட்ட, அவன் சாக்கடையில் விழுந்து புரண்டான். மறுபடி எழுந்து ரெஞ்சைத் தேடியவனை நான்தான் செங்கல்லால் முதுகில் ஒன்று போட்டு உட்கார வைத்தேன். கல்லி முழுக்க ரத்தமும் தண்ணீருமாக ஓடியது.

யாரோ போன் செய்து தண்ணீர் இலாகா ஆள் வந்தார். உடைந்த மீட்டரையும் மோட்டாரையும் பார்த்தார். உடைத்தவன் பெயரைச் சொன்னால் அவன்மேல் கேஸ், மோட்டாருக்குத் தனி மீட்டர். சொல்லாவிட்டால் லைன் வெட்டு என்றார்.

சுடலைக்கண்ணனோடு டிரம் கழுவும் பிரம்மநாயகம் முருகம்மாள் காதருகே குனிந்தான். "யக்கா, நம்ம ஆள காட்டிக் குடுக்காத. கைவண்டி இடிச்சிட்டுன்னு சொல்லு." கல்லியே தலையாட்டியது. எங்களில் யாரும் இதுவரை சொந்தக்காரனை ஆபீஸில் காட்டிக் கொடுத்ததில்லை.

முருகம்மாள் தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். பிறகு அந்த ஆளிடம் இந்தியில் தெளிவாகச் சொன்னாள்: உடைத்தது இவன்தான், என் தம்பி.

சுடலைக்கண்ணன் அழுதேவிட்டான். "யக்கா, கூடப் பொறந்தவம்லாக்கா நான்!"

"அதுக்குத்தாம்லே கையக் குடுத்துட்டேன். தண்ணியக் குடுக்க மாட்டேன்."