தில்லைத் திட்டில் ஒரு சொட்டு

"ஒரு கொப்பு தம்பி. ஒரே ஒரு கொப்பு ஒடிச்சுக் குடு," என்றாள் ராசம்மாள்.

மரியசெல்வம் அண்ணாந்து பார்த்தான். மரம் சாதாரணமாகத்தான் இருந்தது. உயரம்கூட இல்லை.

2009 ஜூன் மாதத்து ஞாயிறு. பிச்சாவரத்தில் கூட்டம் அள்ளியது. தனிப் படகு கிடைக்கவில்லை. முதுநகரிலிருந்து வந்த மரியசெல்வமும் நண்பன் டேவிட் ராஜும், புவனகிரியிலிருந்து வந்த ராசம்மாளோடும் அவள் மருமகள் சுவேதாவோடும் ஒரே துடுப்புப் படகில் ஏற வேண்டியதாயிற்று. சுவேதாவின் மடியில் ஆறு மாதக் குழந்தை. சதுப்புக் காட்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் துடுப்புப் போட்டு, கடல் தெரிகிற கடைசித் திட்டில் படகுக்காரர் சுப்பராயலு கரை சேர்த்திருந்தார். படகைத் தவிர அங்கே போக வர வேறு வழி கிடையாது.

"என்னாத்துக்கு ஆயா கொப்பு?"

"தில்லைப்பா இது. நடராசர் கோயிலு தல விருட்சம். சிதம்பரம் ஊருக்குள்ள ஒண்ணுகூடக் கண்ணுல படல. பூசையில வெக்கணும்."

"நான் மாதா கோயிலுக்குப் போறவன். பரவால்லியா?"

"ஒடிக்கறதுக்கு எந்தச் சாமியும் கோவிச்சிக்காது. ஒடி!"

டேவிட் சிரித்தான். "ஒடிச்சுக் குடு மச்சான். இன்னும் பத்து நாள்ல என்ஜின் ஓட்டப் போறவன், கொப்பு ஒடிக்க மாட்டியா?"

என்ஜின் இன்னும் கைக்கு வந்துவிடவில்லை. அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு மரியசெல்வம் தேர்வாகியிருந்தான். பாக்கி, பத்து நாளில் வரவிருந்த ரயில்வே மெடிக்கல் ஒன்றுதான். கண்ணில் சின்னக் குறை என்றாலும் வேலை அம்பேல்.

படகைக் கட்டிக்கொண்டிருந்த சுப்பராயலு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மரியசெல்வம் எம்பினான். கிளையை வளைத்தான்.

படக்!

முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாய்ப் பால் தெறித்தது. அண்ணாந்த முகத்தில். இரண்டு கண்களிலும்.

"ஐயோ... எரியுதுடா டேவிட்!"

சுப்பராயலு திரும்பினார். அவர் முகம் வெளுத்தது. "அடப்பாவி, தில்லையையா ஒடிச்ச? அந்தப் பாலு பட்டா பார்வை பூடும்யா! கசக்காத! கையப் புடிங்க அவனை!"

டேவிட் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். மரியசெல்வம் மணலில் மண்டியிட்டுத் துடித்தான். யாரோ கண்ணுக்குள் மிளகாயை அரைத்து அப்பியது போலிருந்தது.

"தண்ணி! யாருகிட்டயாச்சும் தண்ணி இருக்கா?"

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். எல்லாம் உப்பும் சேறும். நண்பர்களின் பாட்டில் வரும்போதே காலி. டேவிட் பையைக் கொட்டினான். ஆரஞ்சு கூல்டிரிங்க் ஒன்று உருண்டது.

"இத ஊத்தலாமாண்ணே?"

"உனக்கு அறிவு இருக்காடா?" என்று அந்த வேதனையிலும் கத்தினான் மரியசெல்வம்.

"எங்கிட்ட கஞ்சித் தண்ணிதான் கெடக்குது. உப்புப் போட்டது," என்றார் சுப்பராயலு. சட்டென்று சுவேதாவைப் பார்த்தார். தயங்கினார். "கைக்கொழந்தக்காரிதானம்மா நீ... தாய்ப்பாலு ரெண்டு சொட்டு விட்டா..."

ராசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குப் பால் இல்லீங்கண்ணே," என்றாள் சுவேதா. குரல் உடையவில்லை. "நாலாம் நாளே நின்னு போச்சு. புள்ளைக்குப் பவுடர்தான். இதுக்கு எங்க வீட்டுல நான் கேக்காத பேச்சு இல்ல."

குழந்தையை மாமியார் கையில் திணித்தாள். கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள்.

"பவுடர் கலக்கக் காய்ச்சி எடுத்தாந்த தண்ணி இருக்கு."

மூடியைத் திருகினாள். குழந்தைக்குப் பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. சரி.

"டேவிட்டண்ணே, தலையச் சாய்ச்சுப் புடிங்க. அண்ணே, நீங்க கண்ணை மூடாதீங்க."

"முடியலம்மா!"

"முடியும். என்ஜின் ஓட்டணுமா வாணாமா?"

இமைகளை விரலால் விரித்து, மெல்லிய தாரையாக ஊற்றினாள். வலது கண். இடது கண். மறுபடி வலது.

ராசம்மாளின் தோளில் குழந்தை வீறிட்டது. பசி.

"பாதிய நிறுத்தி வெய்யி சுவேதா. புள்ள பட்டினி கெடக்கும்."

"கரைக்குப் போற வரைக்கும் அழட்டும் அத்தை. அழுதா ஒண்ணும் ஆவாது. இவரு கண்ணு போனா வராது."

கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் குழந்தை அழுதது. டேவிட்டும் ஒரு துடுப்பை வாங்கிப் போட்டான். கண்ணில் துணி கட்டிய மரியசெல்வம் அந்த அழுகையையே கேட்டுக்கொண்டு கிடந்தான். தனக்காக ஒரு குழந்தை பட்டினி கிடப்பதை அவனால் தாங்க முடியவில்லை. ராசம்மாளின் கை மட்டும் அவன் தலையை விட்டு எழவேயில்லை.

"அழறது அதும் வேலை. நீ கம்முனு படு ராசா," என்றாள். அவள் குரல்தான் நடுங்கியது.

மூன்றாம் நாள். சிதம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனை. கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குப் புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து, குழந்தையோடு மாமியாரும் மருமகளும் வந்துவிட்டார்கள்.

"யாரு கழுவுனது?" என்றார் டாக்டர், பஞ்சை எடுத்தபடி. "அங்கயே கழுவலைன்னா கருவிழி வெந்து போயிருக்கும்."

"எம் மருமவங்க," ராசம்மாள் முந்திக்கொண்டாள். "அவளுக்குப் பால் இல்லீங்க டாக்டர். அதனாலதான் கையில தண்ணி இருந்துச்சு."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. சுவேதா மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

இமைகள் பிரிந்தன. வெளிச்சம் குத்தியது. கலங்கல். மெல்ல மெல்லத் தெளிவு. எதிரே சிவப்புப் புடவையில் ஒரு பெண். நெற்றியில் வியர்வை. அன்று படகில் அவளை அவன் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

மரியசெல்வம் கைகூப்பினான்.

"அதெல்லாம் அப்புறம்ணே. மொதல்ல அட்டையப் படிங்க," என்றாள் சுவேதா.

சுவரில் எழுத்து அட்டை. டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். மேலிருந்து வரிவரியாக இறங்கினான். கதவோரம் நின்ற டேவிட்டும் எட்டிப் பார்த்தான். கடைசி வரி. நிறுத்தினான். கண்ணைச் சிமிட்டினான். படித்தான்.

"சரியா சொல்றானாடி?" என்று கிசுகிசுத்தாள் எழுதப் படிக்கத் தெரியாத ராசம்மாள்.

"சரிதான் அத்தை. எல்லாம் சரி."

மரியசெல்வம் நிறுத்தவில்லை. இன்னும் கீழே, அட்டையின் ஓரத்தில், அச்சடித்த கம்பெனியின் பெயரையும் ஊரையும் பின்கோடையும் உரக்கப் படித்துக்கொண்டே போனான்.

"போதும்டா மச்சான்," என்றான் டேவிட், மூக்கை உறிஞ்சியபடி.