பதுவைக்குக் கொண்டுபோகும் நூல்

மக்டலீன் தனியாக இத்தாலிக்குப் போகிறாள். பதுவை நகரத்தில் மூன்று நாள், அவ்வளவுதான். கனடாவில், மிசிசாகா வீட்டில் மகள் நடாஷா லப்டொப்பில் விமான ரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெனிஸ் பக்கத்திலைதானே அம்மா. ஒருக்கா பாத்திட்டு வாங்கோவன்."

"சண்டைக்குப் போறவள் ஊர் பாக்கிறதில்லை."

சண்டை பதுவைக் கோயிலில் இருக்கும் புனித அந்தோனியாரோடு. கார்த் திறப்பு, அந்தச் சின்னச் சாவி தொலைந்தாலும் அவரிடம்தான் கேட்பாள், அவரும் தேடிக் கொடுப்பார். புருசன் கிளிபோட் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையானபோது, மனிசன் எழும்பினால் அந்த மனிசனுடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியோடு பதுவைக் கோயிலுக்கே வருவதாக நேர்ந்தாள். கிளிபோட்டின் தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்து அளந்தும் வைத்தாள். கிளிபோட் எழும்பவில்லை. மாசியில் அடக்கம் செய்தார்கள்.

"கேட்டது கிடைக்கேல்லை. பிறகு என்னத்துக்கம்மா நேர்த்தி?"

மக்டலீன் அறைக்குள் போய், கட்டிலில் கிளிபோட் படுக்கும் பக்கத்தில் அந்த நூலை விரித்தாள். தலையணையில் தொடங்கியது மெத்தையைத் தாண்டித் தொங்கியது. நடாஷா வாசலில் வந்து நின்றாள்.

"மெழுகுதிரி இல்லை, இதைத்தான் கொண்டுபோறன். சின்னத் திறப்பெல்லாம் தேடித் தந்தனீர், இவ்வளவு நீட்டு மனிசனை எங்கை வைச்சிருக்கிறீர் எண்டு காட்டிக் கேக்கப்போறன்."