ஈரம் காயாத பூச்சு

அடிபட்ட கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் அவனைப் பெயின்டர் என்றே அழைப்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் அழைப்பாள். வெள்ளையில் எத்தனை வகை உண்டென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். அப்படிப்பட்டவனுக்கு, கூடவே இருந்தவளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது தெரியவில்லை. அவள் கையில் தோன்றிய நீலத் தடங்களைக்கூட, வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் மேசை முனையில் இடித்திருப்பாள் என்று விட்டுவிட்டான்.

மருத்துவர் இரத்தப் புற்றுநோய் என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, எந்த இடத்தில் என்பதுதான். எந்தச் சேதத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது அவன் தொழிலின் பாலபாடம். இரத்தம் எல்லா இடத்திலும் ஓடுகிறதே என்றார் மருத்துவர். வெள்ளணுக்கள் மிகுந்துவிட்டன, ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்றும் சொன்னார். மிகுந்தால் எப்படிக் குறையும் என்று கேட்டான். அவை முதிராதவை, கூட்டம்தான் உண்டு, வேலைக்கு ஆகாது என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

மனைவி அடுத்த அறையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தின்னர் வாசனையால் இது வருமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தான். பட்டறையில் பெயின்ட்டைக் கரைக்க அவன் நாள் முழுதும் புழங்குவது அது. உடையிலும் தோலிலும் ஏறி வீடுவரை வரும். ஒருவருக்கு ஏன் வந்ததென்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், அதுவரை கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கடைசி வாக்கியம் ஒன்றுதான் அவனுக்கு முழுமையாகப் புரிந்தது. தூசி அண்டாமல் காப்பது அவனுக்குக் கைவந்த கலை. வண்ணம் பூசிய காரை எப்படிக் காப்பானோ அப்படியே செய்தான். படுக்கையறைச் சன்னல்களில் பாலித்தீன் தாளை விரித்து, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினான். தரையை ஈரத்துணியால் துடைத்தான். சாப்பாட்டைக் கதவருகே முக்காலியில் வைத்துவிட்டு விலகினான். தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் தின்னர் மணப்பதாகத் தோன்றியதால், கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். ஈரம் காயும்வரை யாரும் தொடக் கூடாது என்பது பட்டறை விதி. இங்கே காய வேண்டியது எது, எப்போது காயும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை மனைவியின் அக்கா ஒரு பையோடு வந்தாள். தங்கையிடம் பேசிவிட்டு வெளியே வந்தவள், அவனைப் பார்க்காமல் பேசினாள்.

“தம்பி, அவளை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே பார்த்துக்கறோம். அவளே கேட்டது.”

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதில் குறை வைத்தான்? தரை கண்ணாடிபோல் மின்னியது. கதவருகே போய் நின்று, ஏன் என்று கேட்டான்.

கட்டிலில் இருந்தவள் சன்னல் தாளைக் காட்டினாள்.

“நான் என்ன, புதுசா பெயின்ட் அடிச்ச வண்டியா? சீக்காளியைக் கண்டா பயம்னா பயம்னு சொல்லிடுங்க, பெயின்டரே. நானே போயிடறேன்.”

“உன்னைக் கண்டு பயமில்ல. என்னைக் கண்டுதான்.” அவன் தன் கைகளைப் பார்த்தான். “இந்தத் தின்னர்தான் உனக்குள்ள போயிடுச்சோ என்னவோ.”

அவளும் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

“டாக்டரைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

“பெரிய டாக்டருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?” என்றாள். “எனக்கும் ஒண்ணும் புரியலைங்க. புரியாததை இந்த ரூமுக்குள்ள தனியா வச்சுக்கிட்டு இருக்க முடியல. கையைக் கழுவிட்டு வாங்க.”

அவன் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து, மறுபடி கழுவிக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் அமர்ந்தான். அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஒரு நீலத் தடம் ஓரத்தில் பச்சையாகி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவன் கை பாதிவழியில் நின்றது.

“எவ்வளவு அழுத்தலாம்?”

“தெரியல,” என்றாள். “பிடிச்சுப் பாருங்க.”

பிடித்தான். கூடத்தில் அக்கா பையைத் தூக்குவதா, இறக்கி வைப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தாள். தங்கைதான் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

“அக்கா, பையைக் கீழ வை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் எங்ககூட வரணும்.”