அக்கா நகர்த்திய புள்ளி

1

இந்தக் கதை பூகோள டீச்சரான என் அக்கா போனில் சொன்னது. சொல்லி முடித்ததும், "இதையும் எழுதித் தொலைக்காதே" என்றாள். இது என் நான்காவது முயற்சி.

முதல் தொடக்கம்: "பூகோள டீச்சருக்குக் கால் வலித்தது." (உண்மைதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக வலிக்கிறது.)

இரண்டாவது: "வகுப்பில் இருந்த ஒரே வரைபடம் மடிப்பில் கிழிந்து, ஒரு கடலையே இழந்திருந்தது. அதனால்தான் அவள்..."

சரி, அங்கிருந்தே போகலாம்.

2

அதனால்தான் அவள் அந்த இலவச வரைபடத் தளத்தைப் பிடித்தாள். காசு கேட்காது, அனுமதி கேட்காது. யாரும் புள்ளி வைத்துப் பெயர் எழுதலாம். ஏழாம் வகுப்பின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு புள்ளியாகத் தங்கள் வீட்டைக் குறித்தார்கள். [பிள்ளைகளின் உற்சாகம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அலுப்பாக இருந்தது, எடுத்துவிட்டேன்.] வருடத்தின் பாதியில் வந்து சேர்ந்த பெண்ணை வகுப்பே "புதுசு" என்று கூப்பிடும். அவளும் குறித்தாள்: தன் பெயர், மாடி வீடு, பச்சைக் கதவு.

மறுநாள் அவள் அம்மா தையல் கடையிலிருந்து வந்தாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"டீச்சர், அதை எடுத்துடுங்க. அவ அப்பா எங்களைத் தேடிட்டிருக்காரு. மூணு ஊரு மாறியாச்சு. இன்னொரு தடவை மூட்டை கட்ட எனக்குத் தெம்பில்ல."

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். (தழும்பை வர்ணிக்கப் போவதில்லை.)

3

அக்கா புள்ளியை அழித்தாள். கம்ப்யூட்டர் சார் எட்டிப் பார்த்தார்.

"அழிச்சதுகூட அதுல இருக்கும் டீச்சர். யாரு, என்னைக்கு, எதை வெச்சாங்க, எதை எடுத்தாங்க, எல்லாம். பழைய திருத்தம்னு தனிப் பக்கமே இருக்கு."

"அதையும் அழிங்க சார்."

"நம்ம கையில இல்ல. தளத்துக்காரங்களுக்கு எழுதிப் போடலாம். பதில் வர நாளாகும்."

"எத்தனை நாள்?"

"இலவசமாச்சே டீச்சர். யாரைப் போய் அவசரப்படுத்துவீங்க?"

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அன்றே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பியவர் இவர்தான்.)

4

ஆற்றை அரை அங்குலம் தள்ளி வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண் தராதவள் அக்கா. அன்று பள்ளி விட்டதும் புதுசின் புள்ளியை மறுபடி வைத்தாள். வேறு தெருவில், தன் வீட்டின் மேல். திருத்தத்துக்குத் தளம் காரணம் கேட்ட கட்டத்துக்குள், பழைய பக்கத்தைத் தேடிப் பார்ப்பவரும் நம்பும்படி எழுதினாள்: "முன்பு தவறாகக் குறிக்கப்பட்டது. இதுவே சரி."

வீட்டுக்கு வந்தவள் கதவைப் பார்த்தாள். நீலம். பெயின்டரைக் கூப்பிட்டுப் பச்சை அடிக்கச் சொன்னாள்.

"அத்தான் ஒண்ணும் கேக்கலையா?" என்றேன்.

"பச்சை நல்லாத்தான் இருக்குன்னார்."

"விஷயத்தைச் சொன்னியா?"

"சொல்லணும். அதுக்கும் தெம்பு வேணும்ல?"

5

முடிவு ஒன்று: தளத்திலிருந்து பதில் வருகிறது, எல்லாம்... (வரவில்லை. பதினேழு நாள் ஆகிறது.)

முடிவு இரண்டு: அப்பன் திருந்தி... (எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: நேற்று நாங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். "இரு, பாத்துட்டு வரேன்." போனை மேசையில் வைத்த சத்தம். தாழ்ப்பாள் சத்தம். ஓர் ஆணின் குரல், ரொம்ப மரியாதையாக:

"பாப்பா இருக்காளாங்க?"

அக்கா வகுப்பில் பேசும் குரலில் பதில் சொன்னாள். எனக்குக் கேட்டது. எழுதப் போவதில்லை.

அந்த அப்பா நாளை உங்களிடமும் வந்து விசாரிக்கலாம். பச்சைக் கதவு என்று சொல்லுங்கள், இந்தப் பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். கதவின் உண்மையான நிறத்தை இந்தக் கதையில் நான் மாற்றிவிட்டேன்.