ஐந்தாவது கோப்பை

பெண் கேட்டு வந்த முப்பது ஆண்களும் முற்றத்தில் அடித்திருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தாயிற்று. ஏலக்காய் மணக்கும் காப்பி முதலில் அபு ஹம்தானுக்குத்தான் போனது. அவர் மாப்பிள்ளையின் தகப்பன், நகராட்சித் தலைவரும்கூட. யார் வீட்டுச் சம்பந்தமானாலும் முன்னே நின்று பேசுகிறவர், சொந்த மகனுக்கு இன்னொருவரை விடுவாரா? கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார்.

"வந்த காரியம் முடியாம இதை வாயில வைக்க மாட்டோம்" என்றார்.

அதுதான் முறை. "குடிங்க, கேட்டது உங்களுக்குத்தான்" என்று பெண்வீட்டார் சொல்ல வேண்டும், உடனே கோப்பை காலியாக வேண்டும். எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்ததுதான். குடிக்காத கோப்பையை விட்டுவிட்டு ஒரு கூட்டம் எழுந்து போனதாக அந்த மலைப்பக்கத்தில் யாருக்கும் நினைவில்லை.

"ஜவாஹிர் இனி எங்க வீட்டு விளக்கு. அவ கால்ல ஒரு முள்ளு குத்த விடுவேனா?" என்றார் அபு ஹம்தான்.

பெண்கள் பக்கத்தைப் பிரித்த திரைக்குப் பின்னால் நின்றிருந்த வத்ஃபாவுக்கு வயிறு எரிந்தது. அவள்தான் பெண்ணின் தாய். ஊருக்கும் பஸ் நிற்கும் சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலம் வந்தால் வெள்ளம். அதற்குப் பாலம் கேட்டு அவள் புருஷன் நாயிஃப் நாலு தடவை நகராட்சிக்குப் போனான். நாலு தடவையும் தனக்கு வைத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்தான். நாலு தடவையும் இதே மனிதர் மார்பில் கை வைத்து, "குடி நாயிஃப், பாலம் வந்தாச்சுன்னு நெனச்சுக்கோ" என்றார். அவனும் குடித்துவிட்டு வந்தான். போன மழையில், நர்சிங் படிக்கிற ஜவாஹிர் இக்கரையில் நிற்க, அக்கரையில் பஸ் கிளம்பிப் போனது. பரீட்சையும் அதோடு போனது.

மாப்பிள்ளை ஹம்தானை ஜவாஹிருக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசமாட்டான் என்று வத்ஃபா கேள்விப்பட்டிருந்தாள். பேசாதவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நம்ப அவள் ஏமாளியா என்ன? வெறும் வாய் வைத்துப் பிழைக்கிற வீட்டில் மகளைத் தள்ளிவிடப் போகிறோமோ என்பதுதான் அவள் பயம்.

நாயிஃப் தொண்டையைக் கனைத்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் வத்ஃபா, திரைக்குப் பின்னாலிருந்து. தலைகள் திரும்பின. "அண்ணே, உங்க ஆபீசுல எம் புருஷன் நாலு கோப்பை குடிச்சாரு. உங்க பேச்சை நம்பிக் குடிச்சாரு. ஓடையில ஒரு கல்லு விழல. இந்த அஞ்சாவது கோப்பை உங்களோடது. பாலம் நிக்கட்டும், எம் பொண்ணு அதுல நடக்கட்டும். அப்புறம் குடிங்க."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அபு ஹம்தானின் முகம் சிவந்தது.

"தங்கச்சி, எம்மேல நம்பிக்கை இல்லையா? இத்தனை பேர் முன்னாடி வாக்குக் குடுக்கறேன்..."

"வாக்கு எங்க வீட்டுல நெறைய கெடக்குண்ணே. வைக்க இடமில்ல."

எல்லாரும் நாயிஃபைப் பார்த்தார்கள். குடித்த நாலு காப்பியின் கசப்பும் அப்போதுதான் ஏறியதோ என்னவோ, "அவ சொன்னதுதான் என் பேச்சும்" என்றான்.

கூட்டம் எழுந்து போனது. வத்ஃபா அந்தக் கோப்பையைக் கொட்டாமல், ஒரு தட்டால் மூடி மாடத்தில் வைத்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? அவங்க திரும்பி வராமலே போயிட்டா?" என்று ஜவாஹிர் அழுதாள்.

"போனா, போறவங்கதான்னு இப்பவே தெரிஞ்சு போச்சுல்ல?"

வாய்தான் அப்படிச் சொன்னது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும் அவள் எழுந்துபோய், மாடத்துக் கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றிருந்தது. ஹம்தான் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாகக் கல் இறக்கிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா அனுப்பினாரா?"

"இல்லத்தே."

"ஒருத்தனாப் பாலம் கட்டிருவியோ?"

"தெரியலத்தே. கல்லாவது போடலாம்ல?"

அவ்வளவுதான் பேசினான். வத்ஃபா அவனைப் பாராட்டவில்லை. இரண்டாம் நாளும் வருகிறானா என்று பார்த்தாள். வந்தான். மூன்றாம் நாள் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் வந்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டி, "தலைவர் மகனா கல்லு சுமக்கறான்? நகராட்சி செத்துப்போச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள் மஞ்சள் நிற மண்வெட்டும் இயந்திரம் வந்தது. பின்னாலேயே லாரியில், தண்ணீர் போகப் பாலத்தடியில் பதிக்கும் பெரிய சிமெண்ட் குழாய்கள். புதிதாக வாங்கியவை அல்ல. மூன்று வருஷமாக நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்தவை. ஒன்றுக்குள் கோழி முட்டைகூட இருந்தது. வத்ஃபாவுக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு வாரத்தில் பாலம் எழுந்து நின்றது. ஜவாஹிர் முதலில் நடந்தாள், பின்னால் நாற்பது ஆடுகள் இடித்துத் தள்ளிக்கொண்டு போயின. அன்றே அந்த முப்பது பேரும் அதே கூடாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முறைப்படி ஆண்பிள்ளைதான் ஊற்ற வேண்டும். ஆனால் அன்று வத்ஃபா திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. மாடத்துக் கோப்பையைக் கழுவி எடுத்து வந்து, சூடாக ஊற்றி நீட்டினாள். அபு ஹம்தான் எழுந்து நின்றார்.

"மக்களுக்காக நான் எப்பவுமே..."

"அண்ணே, காப்பி ஆறுது."

கூடாரமே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து, ஒரே மடக்கில் குடித்தார். பெண்கள் பக்கம் குலவை எழுந்தது.

அடுத்த கோப்பை ஹம்தானுக்கு. வாங்க நீட்டிய உள்ளங்கையில் கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"அத்தே, ஜவாஹிரை நான் காலமெல்லாம்..." என்று ஆரம்பித்தவன், தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். மிச்சத்தைச் சொல்லாமல் காப்பியைக் குடித்தான்.

வத்ஃபாவுக்கு மனசு நிறைந்துபோனது. இன்னொரு வாய் ஊற்றினாள்.