மூன்றாவது பந்துக்காப்பாளருக்கு ஓர் அர்ச்சனை

சோதிலிங்கத்தாரின் வலக்கண் கழுகுக் கண் என்று ஒஸ்லோவின் புருசெத் முழுவதும் ஒரு கதை உலாவியது. கதையைக் கட்டிவிட்டவர் சோதிலிங்கத்தார்தான். பிள்ளைகள் சேர்க்கும் உதைபந்தாட்ட வீரர் அட்டை ஒன்றைச் சமையலறை விளக்குக்குக் கீழே பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, அந்தக் கண்ணை அவர் இடுக்கினார் என்றால், அட்டையின் நான்கு மூலைகளும் தாங்களாகவே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும். இந்த மூலை மழுங்கல். அந்த ஓரத்தை வெட்டியவன் வெட்டும்போது தும்மியிருக்கிறான். படம் இடப்பக்கம் ஒரு மயிரளவு சரிவு. பத்துக்கு ஆறரை. அவர் கையால் பத்துக்குப் பத்து வாங்கக்கூடிய அட்டை இந்தப் பூமியில் இன்னும் அச்சாகவில்லை.

தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதருக்கு ஏன் இந்தச் சோலி என்று கேட்கலாம். அகதியாக வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் நோர்வே மொழியை வகுப்பில் படித்தது பாதி. இந்த அட்டைகளின் பின்பக்கத்தில் படித்தது மீதி. அலுவலகங்களில் வாய் திறக்கத் தெரியாத நாளிலேயே, 'இடக்காலில் பலசாலி, தலையால் அடிப்பதில் சுமார்' என்று ஒருவரைப் பற்றித் தங்குதடையில்லாமல் சொல்ல அவருக்குத் தெரியும். அந்தப் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கூடங்களில் நடக்கும் பழைய சாமான் சந்தைகளில் வாழைப்பழப் பெட்டிகளைக் கிளறி, யாரும் தரம் பார்க்காத அட்டைகளை வாங்கிவந்து, தானே தரம் போட்டு அடுக்கிவைப்பார்.

தரத்தை உரத்துத்தான் அறிவிப்பார். கேட்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம். மனைவி யோகாம்பாள் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ரொறன்ரோவுக்கு ஆறு மாதத்துக்குப் போனவர். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. யோகாம்பாள் இன்னும் பெட்டி கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார், இவர் ஓம் என்பார், பிறகு இருவரும் இரண்டு நாட்டுப் பனியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். மிச்ச நாட்களில் அந்த வீட்டில் வாய் திறப்பது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். அது உறுமினால் சோதிலிங்கத்தார் என்ன என்று கேட்பார்.

சனிக்கிழமை மட்டும் வேறு. சனிக்கிழமை குகநேசன் வருவார்.

குகநேசன் ரொம்சோஸில் மகன் வீட்டில் இருப்பவர். கண்ணால் கண்டதை நம்பாமல் உறையில் கண்டதை நம்புகிற மனிதர். புதுச் சோபாவின் பொலித்தீனைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் அதன்மேல் வழுக்கி வழுக்கியே குடும்பம் நடத்தியவர். சோதிலிங்கத்தாரைப் பார்த்து அவரும் அட்டை சேர்க்கத் தொடங்கினார். ஆனால் ஒரு மூலையைக்கூடத் தன் கண்ணால் தீர்மானித்தது கிடையாது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அட்டையை அனுப்பினால் நிபுணர்கள் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, கெட்டியான பிளாஸ்ரிக் பேழைக்குள் ஆயுள்தண்டனையாக அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அப்படி ஏற்கெனவே தரம் போட்டு அடைத்த அட்டைகளைத்தான் குகநேசன் இணையத்தில் வாங்குவார்.

மகன் குடும்பம் சனிக்கிழமையானால் மலைக்குடிலுக்குக் காரை விடும். குகநேசன் சுரங்க ரயிலில் தொய்யன்வரை போய், அங்கே மாறி, மறுபடி மேலே ஏறி புருசெத்துக்கு வருவார். வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே சண்டை தொடங்கிவிடும். உம்முடைய தரம் உம்முடைய வீட்டு வாசலைத் தாண்டாது என்பார் அவர். உம்முடைய அட்டைகள் சவப்பெட்டிக்குள் கிடக்கின்றன என்பார் இவர். கீழ்வீட்டு நோர்வேக்காரி இரண்டு முறை மேலே வந்து யாருக்காவது உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

சண்டையின் நடுவில் இருந்தவர் ஓட்வார் த்வைத்தன். தொண்ணூறுகளில் வந்த ஓர் அட்டைத் தொடரில், ஓர் அணியின் மூன்றாவது பந்துக்காப்பாளர். முதல் இருவரும் ஒரே நாளில் கால் முறிந்தாலொழிய மைதானத்தைக் காணாத பிறவி. அதனாலோ என்னவோ அவருடைய அட்டை குறைவாகத்தான் அச்சானது. குகநேசனிடம் அந்தத் தொடர் முழுவதும் பேழைகளில் இருந்தது, ஓட்வாரைத் தவிர. சோதிலிங்கத்தாரிடம் ஓட்வார் இருந்தார், வெறும் மெல்லிய உறையில். அவருடைய கஞ்சக் கண்ணே எட்டரை போட்ட ஒரே அட்டை.

அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் வாங்கும், எட்டுக்குக் குறையாமல் வந்தால் நான் எடுக்கிறேன், பதிலுக்கு என் பெட்டியில் எது வேண்டுமானாலும் நீர் எடும் என்று குகநேசன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சோதிலிங்கத்தாருக்கு அட்டையைக் கொடுப்பதில் துக்கமில்லை. பயமெல்லாம் அதற்கு அப்பால் உள்ளதைப் பற்றித்தான். ஓட்வார் எட்டு வாங்கித் திரும்பிவந்தால் குகநேசனின் தொடர் முழுமையாகிவிடும். தொடர் முழுமையான மனிதன் எதற்காக இரண்டு ரயில் மாறிப் புருசெத்துக்கு வருவான்?

ஆகவே சாட்டுகள். டொலர் ஏறி நிற்கிறது, இறங்கட்டும். டிசம்பர் நத்தார் நெரிசலில் தபாலில் போட்டால் மூலை போய்விடும், தபாலில் இருந்தவன் சொல்கிறேன். கடைசியில் எல்லாச் சாட்டும் தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை, எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இந்தக் காலத்தில் பெறுமதியான எதையும் கடல் கடந்து அனுப்பக்கூடாது என்று எடுத்துவிட்டார். உண்மையில் அவர் சுவாதி நட்சத்திரம், துலா ராசி. சனிபகவான் அப்போது பதினோராம் இடத்தில் சாய்ந்துகிடந்து அவருக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தார்.

குகநேசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப சுகம் ஐசே. வாற கிழமை புரட்டாதிச் சனி. கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிப்பம். ஓட்வாரின்ர காட்டையும் கொண்டு வாரும். அதுக்கும் ஒரு அர்ச்சனை செய்துபோட்டு அங்கையிருந்தே நேரை தபாலுக்குப் போவம்."

"காட்டுக்கு அர்ச்சனையோ?"

"ஏன், காருக்குச் செய்யேல்லையே?"

தான் வெட்டிய குழியில் சோதிலிங்கத்தார் அடுத்த சனிக்கிழமை வேட்டியுடன் இறங்கினார். இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டுப் புரட்டாதி. ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழர்கள் அத்தனை பேரையும் சனி ஒரே நேரத்தில் பிடித்துவிட்டதுபோலக் கோயில் நிரம்பி வழிந்தது. திராமனில் இருந்துகூடக் கார் கட்டி வந்திருந்தார்கள். வாசலில் கிடந்த சப்பாத்துகளை அடுக்கினால் ஒரு மாடிக் கட்டடம் எழுப்பலாம்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். குகநேசன் அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்திருந்தார். அட்டையின் பின்பக்கத்தில் ஓட்வாரின் பிறந்த திகதி இருந்தது. நேரம் இல்லை. ஆள் பந்துக்காப்பாளர், அவசரப்பட்டுப் பிறந்திருக்கமாட்டார், மத்தியானம் ஆகியிருக்கும் என்று தீர்மானித்து, பஞ்சாங்கத்தை நோர்வே நேரத்துக்குத் திருத்தி, ரேவதி என்று கண்டுபிடித்திருந்தார்.

ஐயர் முதலில் சோதிலிங்கத்தாரைப் பார்த்தார். சோதிலிங்கம், மகம் என்றார் இவர். மகத்துக்குத்தான் அப்போது ஏழரை. மூலஸ்தானத்துக்கு நேரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சாமிக்கே பொய் நட்சத்திரம்.

"மற்றது?"

"ஓட்வார். ரேவதி," என்றார் குகநேசன்.

ஐயர் இமைகூட அசைக்கவில்லை. எத்தனையோ வெள்ளைக்கார மருமக்களுக்கு அர்ச்சனை செய்த வாய் அது. வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத ஓட்வார் த்வைத்தனின் பெயர் கணீரென்று சமஸ்கிருதத்தில் ஏறிப்போனது.

பிறகு சனிபகவானிடம் வரிசை. தட்டில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், எண்ணெயில் ஊறிய எள்ளுப் பொட்டணி, எல்லாவற்றுக்கும் மேலே ஓட்வார். நெரிசலில் அட்டை வாழைப்பழத்தின் முதுகில் வழுக்கிக்கொண்டிருந்தது. அது விழாமல் இருக்க, குகநேசன் எள்ளுப் பொட்டணியைத் தூக்கி அட்டைக்கு மேலே பாரமாக வைத்தார். உறைக்குள் இருக்கிற எதற்கும் ஒன்றும் ஆகாது என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை.

சோதிலிங்கத்தார் கண்டார். அந்தக் கழுகுக் கண் காணாமல் இருக்குமா? உறையின் வாய் திறந்திருந்தது. பொட்டணியிலிருந்து எண்ணெய் ஒரு துளியாகக் கசிந்து, உறையின் ஓரத்தில் நின்று யோசித்து, மெல்ல அந்த வாயை நோக்கி நகர்ந்தது. சொல் என்றது மனம். வாய் அரோகரா என்றது. அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டபடி, எண்ணெய் உள்ளே போய் முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சப்பாத்து வைக்கும் இடத்து மர வாங்கில் உட்கார்ந்து குகநேசன் உறையை உருவினார். அட்டை பாதி கண்ணாடியாகிவிட்டிருந்தது. ஓட்வாரின் மஞ்சள் சட்டைக்கூடாக, நெஞ்சுக்கு நடுவில், அவருடைய பிறந்த திகதி இடம் வலம் மாறித் தெரிந்தது. சோதிலிங்கத்தாருக்குள் ஒரு கணம் பண்டிகை நடந்தது. எட்டுமில்லை, ஏழுமில்லை, இனி எந்த அமெரிக்காவும் இதற்குத் தரம் போடாது. அப்புறம்தான் குகநேசனின் முகத்தைப் பார்த்தார்.

"என்ர கையாலை வைச்சனான் ஐசே," என்றார் குகநேசன். ஒரு சப்பாத்தின் நாடாவைக் கட்ட அவருக்கு வெகுநேரம் எடுத்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. அட்டை எட்டு வாங்கினால் மனிதர் வராமல் போய்விடுவார் என்று இரண்டு வருடம் பயந்த சோதிலிங்கத்தார், அட்டை ஒன்றும் வாங்காமல் போனாலும் வராமல் போய்விடுவார் என்று ஒரு நிமிடம்கூட எண்ணிப்பார்த்ததில்லை. தொலைபேசி எடுத்தால் மருமகள், மாமா நடக்கப் போய்விட்டார் என்றாள். எந்த நேரம் எடுத்தாலும் நடக்கப் போய்விட்டார். அந்த நடைக்கு அவர் இதற்குள் சுவீடன் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஐப்பசியில் புருசெத்தில் வெளிச்சம் வேலைக்கு வருவதே பிந்தி. வந்த கையோடு திரும்பிவிடும். சோதிலிங்கத்தார் அட்டைப் பெட்டிகளைத் திறக்கவில்லை. கண் மட்டும் சும்மா இருக்க மறுத்தது. தேநீர்க் கோப்பைகளுக்குத் தரம் போட்டார்: விளிம்பில் வெடிப்பு, ஐந்து. எதிர்க் கட்டடத்து யன்னல் சீலைகளுக்கு, நடுமத்தி சரியில்லை, நாலரை. ஒரு காலை முகம் மழிக்கும்போது கண்ணாடியில் இருந்தவரையும் பார்த்துவிட்டார். மூலைகள் மழுங்கல், மேற்பரப்பு முழுவதும் கீறல், ஓரங்கள் வெளுத்துவிட்டன. இலக்கத்தை உரத்துச் சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் முகத்தைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை யோகாம்பாளிடம், குகநேசன் சுகமாக இருக்கிறார், நேற்றும் வந்தவர் என்றார்.

முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை அழைப்புமணி அடித்தது. குகநேசன் நின்றார். தொப்பியில் பனி. உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, சண்டை பிடிக்காமல் மேசைக்குப் போய், ஒரு சிறிய பொதியைப் பிரித்தார். பிளாஸ்ரிக் பேழைக்குள் ஓட்வார் த்வைத்தன், மஞ்சள் சட்டையோடு, ஒரு துளி எண்ணெய் படாமல். மேலே எட்டு என்று போட்டிருந்தது.

"இது உமக்கு," என்றார். "உம்மட காட்டைப் பழுதாக்கினதுக்கு."

சோதிலிங்கத்தார் அதைத் தொடவில்லை. அதை வாங்கினால் எல்லாம் தீர்ந்து, மனிதர் எழும்பிப் போய்விடுவார். வாங்காவிட்டால் அது அவருடைய தொடரில் போய் உட்கார்ந்து, அத்தோடு சனிக்கிழமைகளும் முடிந்துவிடும்.

"நீர் வைச்சிரும். உம்மட வரிசை முழுசாகுமெல்லே."

"எனக்கு முழுசாகத் தேவையில்லை."

அப்படிச் சொன்ன மனிதரின் முகத்தை அதற்குமேல் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சோதிலிங்கத்தார் மேசையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் கண்டனான். நீர் எள்ளுப் பொட்டணியை மேலை வைக்கேக்கை கண்டனான். எண்ணெய் உள்ளை போகேக்கையும் கண்டனான். வாய் திறக்கேல்லை."

குகநேசன் தொப்பியைக் கையில் எடுத்தார். போகப்போகிறார் என்று சோதிலிங்கத்தார் நினைத்தார். குகநேசன் தொப்பியில் உருகிய தண்ணீரைத் துடைத்தார், அவ்வளவுதான்.

"ஒரு சுவீடன்காரன்," என்றார் மெதுவாக, "இந்தக் காட்டை இரண்டு வருசமா விக்கப் போட்டு வைச்சிருந்தவன். ஒவ்வொரு கிழமையும் இணையத்தைத் திறந்து பாப்பன். ஆரும் வாங்கிப்போட்டாங்களோ எண்டு. வாங்கேல்லை எண்டால், சரி, கிடக்கட்டும் எண்டு பூட்டிப்போட்டு இஞ்சை வெளிக்கிட்டு வருவன்."

வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் மஞ்சள் வெளிச்சம் அறையின் முகட்டில் ஓடி மறைந்தது. பிறகு சோதிலிங்கத்தார் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர் கொதித்து முடிந்த பிறகும் அங்கேயே நின்றார். குகநேசனின் தேத்தண்ணியில் வழக்கம்போல மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கத் தொடங்கியபோது மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எனக்குச் சீனி போடாதையும் ஐசே. டொக்டர் மறிச்சுப்போட்டார்."

"எப்ப?"

"வைகாசியிலை."

"வைகாசியிலையோ? அப்ப இவ்வளவு நாளும் குடிச்சீரே?"

"நீர் கலந்து வைச்சுக்கொண்டு காத்திருப்பீர். வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சோதிலிங்கத்தார் கோப்பையைத் தொட்டிக்குள் ஊற்றிக் கழுவினார். வேறொரு கோப்பையை எடுத்து, சீனியில்லாமல், புதிதாக ஊற்றினார்.