அனுப்பி வைக்கும் கதவு

"உங்க வீட்டு முன்கதவைத் திறக்கவே மாட்டீங்களா?" என்று லயனல் ஒருமுறை என்னைக் கேட்டார். அக்கா ஹில்டாவைப் பார்க்க அவர் வர ஆரம்பித்திருந்த சமயம். அக்காதான் பதில் சொன்னாள்: "கல்யாணப் பொண்ணு போகத் திறப்போம். பொணம் போகத் திறப்போம். நீங்க ரெண்டும் இல்லல்ல? பின்னால வாங்க."

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். கோடி வரைக்கும் ஒரே செங்கல் வரிசை; ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். தெருவைப் பார்த்த முன்னறையில் பியானோவும் நல்ல நாற்காலிகளும் சும்மா கிடக்கும். நாங்கள் பின்னால் சமையலறையில் கிடப்போம். வேண்டியவர்கள் பின்சந்து வழியாக வருவார்கள்; முன்கதவில் வருவது டாக்டர் மாதிரி வெளியாட்கள்தான்.

அம்மாவுக்கு லயனலைப் பிடிக்கவில்லை. ஹில்டா ஒருநாள் பின்கதவு வழியாகவே அவரோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்லை.

ஒரு சனிக்கிழமை முன்கதவு தட்டப்பட்டது. கதவின் வண்ணக் கண்ணாடியில் ஹில்டாவின் தொப்பி தெரிந்தது.

"அம்மா, அக்கா வந்திருக்கா."

அம்மா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு கெட்டிலை அடுப்பில் வைத்தாள். "பின்னால திறந்துதானே கிடக்கு. வரச் சொல்லு."

"முன்னால நிக்கிறாம்மா."

"முன்னால வர அவ என்ன டாக்டரா?"

முன்கதவுச் சாவி அம்மாவின் ஏப்ரன் பையில் இருந்தது. நான் பின்சந்தில் ஓடி, வரிசை முழுவதையும் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். காலையில் நான் வெள்ளைக்கல்லால் தேய்த்து வெளுக்க வைத்த வாசற்படியை மிதிக்காமல் ஹில்டா நடைபாதையிலேயே நின்றிருந்தாள்.

"பின்னால வாக்கா. அம்மா டீ போடுறாங்க."

"திருட்டுத்தனமா போனவ திருட்டுத்தனமாவே வரணுமா, மேவிஸ்? கல்யாணப் பொண்ணாத்தான் இந்தப் படி இறங்கல. ஒரு தடவை ஏறியாவது வர்றேன். திறக்கச் சொல்லு."

திரும்ப ஓடினேன். மேசையில் மூன்று கோப்பைகள். அம்மா பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்கதவைத் திறக்கணுமாம்."

அம்மாவின் கை பைக்குள் போனது. அங்கேயே நின்றது. "அது அனுப்பி வைக்கிற கதவுடி. அதுல வர்றவங்க யாரும் இங்க தங்கினதில்ல. என் பொண்ணை அதுல விடமாட்டேன்."

மறுபடி ஓடினேன். அந்த வரிசை முடிவேனா என்றது. தெருவுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அம்மா சொன்னதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஹில்டா என் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு டிராம் நிற்கும் பக்கமாக நடந்துபோனாள்.